மச்சானின் அணையும் மஞ்சள் தண்ணீரும்

என் மனைவியின் அண்ணனுக்குச் சொந்தமாக ஓர் அணை இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு மனிதனுக்குக் கார் இருக்கலாம், கடை இருக்கலாம், நாலைந்து ஏக்கர் செம்பனைத் தோட்டம் இருக்கலாம். அணை எப்படி இருக்கும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மச்சான் மலாக்கா மாநிலத்தில் நியாலாஸ் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கியபோது, நிலத்தோடு ஒரு குளமும், அந்தக் குளத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு மண்கரையும் சேர்ந்து வந்தன. புதுச் சட்டையின் உள்பக்கம் தைத்துக் கொடுக்கிற உபரிப் பொத்தான் மாதிரி.

பால்மரம் இருந்த காலத்தில் ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடிய சிற்றோடையை மண் கொட்டி அடைத்திருக்கிறார்கள். பிறகு ஆலை போனது, பால்மரம் போனது, லயத்து வீடுகள் போயின. கரை மட்டும் போகவில்லை. இரண்டு மாடி உயரம், மேலே ஒரு கார் போகிற அகலம், சரிவு முழுக்க லாலாங் புல். ஓர் ஓரத்தில் மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக ஒரு சிமெண்டு வாய்க்கால். மச்சான் அங்கே மீன்பிடிக் குளம் நடத்தினார். குளத்தைச் சுற்றிக் குடில்கள், வாடகைத் தூண்டில்கள், மீ கோரெங் நூடுல்ஸ் வறுத்துப் போடுகிற ஒரு கடை. தண்ணீர் இன்னும் கொஞ்சம் நின்றால் பார்வைக்கு நன்றாக இருக்கும், மீனும் வெளியே போகாது என்று வாய்க்காலின் வாயில் மணல் மூட்டைகளை அடுக்கினார். குளம் இடுப்பளவு கூடியது. வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

கரைக்குக் கீழே, பள்ளத்தில், பழைய ஆயாக்கொட்டகை இருக்கிறது. பால்வெட்டப் போகிற தாய்மார்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம். இப்போது மஞ்சளும் பச்சையும் பூசி, சுவரில் யானை வரைந்து, அதைத் தடிகாவாக, அதாவது பாலர் பள்ளியாக, நடத்துகிறார்கள். என் ஒரே மகள் அங்கே டீச்சர். எனக்கு இருந்த கவலை இவ்வளவுதான்: மேலே குளம், கீழே என் மகள், அவளைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள்.

அவள் வேலையில் சேர்ந்த வாரமே விசாரணையைத் தொடங்கிவிட்டேன்.

“ஏம்மா, அங்க பின்பக்கம் வாசல் இருக்கா?”

“இருக்குப்பா.”

“பூட்டியிருக்குமா, தெறந்திருக்குமா?”

“பிள்ளைங்க ஓடிருவாங்கன்னு பூட்டித்தான் வச்சிருக்கோம்.”

“சாவி யாருகிட்ட இருக்கு?”

“மாமாவோட மீனுங்ககிட்ட.”

என் பயத்துக்கு என் தொழிலும் ஒரு காரணம். மலாக்காவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை. வாழ்நாள் பூராவும் மற்றவர்களுக்கு நேர்ந்ததைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவன். குளியலறையில் வழுக்கியவர், பட்டாசு கொளுத்தப் போய்க் கூரையைக் கொளுத்தியவர், நிறுத்தியிருந்த காரின்மேல் தேங்காய் விழுந்தவர் என்று எல்லாரும் என் மேசை வழியாகத்தான் போகிறார்கள். மழை பெய்தால் மகளுக்குச் செய்தி அனுப்புவேன். மழை பெய்யாவிட்டால் வெயிலைப் பற்றி அனுப்புவேன். தடிகாவின் மின்விசிறி ஆடுகிறது என்று அவள் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு ஒரு வாரம் அவதிப்பட்டாள். “உங்கப்பா கொடை புடிச்சிக்கிட்டு குளிக்கிற ஆளு” என்பாள் என் மனைவி. காற்று பலமாக அடித்த நாளில் வேலைக்குப் போகாதே என்றேன், போனாள். கொசுமருந்துப் புகை அடித்த நாளில் போகாதே என்றேன், போனாள். கடைசியில் என் செய்திகளைச் சத்தம் வராமல் அடைத்து வைத்துவிட்டாள் என்று அவள் அம்மாவே எனக்குச் சொன்னாள், மிகுந்த மகிழ்ச்சியோடு.

இந்த நிலையில்தான் புற்று வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது; இருந்ததைக் கண்டுகொண்டார்கள். கரையின் வெளிச்சரிவில், பாதி உயரத்தில், லாலாங் புல்லை வெட்டியபோது ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று வெளிப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி மஞ்சள் சேலை கட்டியாயிற்று. பிறகு தகரக் கூரை, உண்டியல், பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. குழுவின் தலைவி என் மனைவி. வெள்ளிதோறும் பெட்டிப்பாலும் முட்டையுமாக ஜாசினிலிருந்துகூட வந்தார்கள். மச்சானுக்குச் சந்தோஷம். கும்பிட வருகிற பெண்களின் கணவர்கள் சும்மா நிற்க முடியாமல் தூண்டில் எடுத்தார்கள்.

சில வாரம் கழித்து, புற்றுக்கு நேர் கீழே, கரையின் காலடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. முதலில் ஈரம். பிறகு விரல் கனத்துக்கு ஓர் ஊற்று. ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தண்ணீர் வெள்ளையாக வந்தது.

மேலே ஊற்றிய பால் கீழே வருகிறது என்று சொல்ல யாருக்கும் வேதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பார்த்தாலே தெரிந்தது. ஆத்தா வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிறாள். பாட்டில்கள் வந்தன. என் மனைவியும் ஒரு பாட்டில் பிடித்து வந்து எனக்கு நீட்டினாள்.

“ஒரு வாய் குடிங்க. பயம் தெளியும்.”

வயிற்றுப்போக்குக்கும் இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் உண்டு. எனவே அப்புறம் குடிக்கிறேன் என்று குளிர்பெட்டியின்மேல் வைத்துவிட்டேன். இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அடியில் ஒரு படலம் படிந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பாலு இப்படி அடியில படியுமா?”

அவள் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “சந்தனங்க. பாலோட சந்தனமும் குடுத்திருக்கா.”

நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மண். வழவழப்பான, வெளிறிய களிமண். கரை கட்டிய அதே மண். நான் பொறியாளன் அல்ல, ஆனால் இணையத்தில் படிக்கத் தெரிந்தவன். மண்கரையில் தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கசிந்தால் கண்காணித்தால் போதுமாம். கலங்கிய தண்ணீர் வந்தால் உள்ளே மண் அரித்துப் போகிறது என்று பொருளாம். கறையான் குடைந்த வழிகளில் தண்ணீர் நுழைந்து, வழியைப் பெரிதாக்கிக்கொண்டே போய், ஒருநாள் மொத்தமாகத் திறந்துகொள்ளுமாம். பாட்டிலைப் பார்த்தேன். ஆளுக்கொரு பாட்டிலாக, மச்சானின் கரையை ஊரே வீட்டுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தது.

மச்சானிடம் போனேன்.

“மச்சான், கரையில தண்ணி கசியுது.”

“மண்ணு கரைன்னா கசியத்தான் செய்யும் மாப்ள. உங்க வீட்டு ஏர்கோன் கசியல?”

“ஏர்கோனுக்குக் கீழ தடிகா இல்ல மச்சான்.”

“இது வெள்ளக்காரன் கட்டுனதுலா. வெள்ளக்காரன் போய்ட்டான், கரை போச்சா?”

“கட்டுனவன் போயி எவ்ளோ காலமாச்சு, அதான் பயமா இருக்கு. அந்த மணல் மூட்டைய மட்டுமாச்சும் எடுத்துருங்க. தண்ணி எறங்கட்டும்.”

“போட்டி வருது மாப்ள. முவார்லேருந்துலாம் ஆளு வர்றாங்க. முட்டிக்கால் தண்ணிய வச்சிக்கிட்டு என்னா போட்டி நடத்தறது? தூண்டில் வேணாம், கைய விட்டுப் புடிங்கன்னு சொல்லவா?”

“சரி, புத்தையாவது எடுத்துட்டு மண்ணப் போட்டு இறுக்கிரலாம்.”

மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அத என் தங்கச்சிகிட்ட போயி சொல்லுங்க. நான் ஆம்புலன்ஸ் கூப்புடறேன்.”

எந்த வாக்குவாதத்தையும் மச்சான் ஒரு தட்டு வறுத்த மீனில் முடித்துவிடுவார். அன்றைக்கும் முடித்தார். முள்ளைப் பார்த்துச் சாப்பிடும்படி எனக்கே எச்சரிக்கையும் செய்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாலும் வெள்ளை, களிமண் கலங்கலும் வெள்ளை. அதனால்தான் இந்தக் குழப்பம். வேறு நிறத்தில் எதையாவது ஊற்றினால்? புற்றுக்கு மஞ்சள் நீர் ஊற்றுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். நிறைய ஊற்ற வேண்டும். அது புற்று மண்ணிலேயே ஊறிப் போய்விடும், கீழே வராது என்று நான் நிச்சயமாக நம்பினேன். கீழே அதே வெள்ளைத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அப்போது எழுந்து நின்று, “பாத்தீங்களா, நீங்க ஊத்தறது வேற, இங்க வர்றது வேற” என்று அமைதியாகச் சொல்ல வேண்டியதுதான். கண்ணாடி முன்னால் ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

நியாலாஸ் கடைத்தெருவில் எங்களுக்குத் தெரிந்த பாய் கடையில் மஞ்சள்தூள் வாங்கினேன். இருந்ததையெல்லாம் எடுத்து மேசைமேல் வைத்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னா சார், யாருக்குக் கல்யாணம்?”

“புத்துக்கு பாய்.”

“அதானே பாத்தேன். வெள்ளிக்கிழமையானா பால் ராக்கு காலி சார். தேத்தண்ணி போட ஒரு பெட்டிய ஒளிச்சு வச்சிட்டுத்தான் நானே தொழுவப் போறேன். இப்ப மஞ்சத்தூளும் போச்சா? கறிக்கு என்னா பண்றது?”

“ஒரு வாரத்துக்கு சூப்பு வைங்க பாய்.”

என் பக்தியைக் கண்டு மனைவி திகைத்துப்போனாள். குழுவில் செய்தி போட்டாள். நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் வாளி வாளியாக மஞ்சள் நீர் கரைத்து, பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றி ஊற்றினார்கள். புற்று எல்லாவற்றையும் குடித்தது. நான் கீழே ஊற்றின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தண்ணீர் வந்தது. தொடர்ந்து வெள்ளைத் தண்ணீரே வந்தது. நான் எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினேன்.

தண்ணீர் மஞ்சளானது.

முதலில் ஒரு நூல் மாதிரி. பிறகு நல்ல மஞ்சள். கல்யாண வீட்டு மஞ்சள். குலவைச் சத்தம் கரையின் மேலிருந்து கீழ்வரை ஓடியது. யாரோ என் கழுத்தில் மாலை போட்டார்கள். முதல் தீர்த்தம் எனக்குத்தான் என்று உள்ளங்கையில் ஊற்றினார்கள். மச்சான் தூண்டில்காரர்களை விலக்கிக்கொண்டு இறங்கி வந்து என் முதுகில் தட்டினார். “மாப்ள, இனிமே நீங்கதான் பூசாரி.”

மாலையோடு நான் நின்ற நிலையை எப்படிச் சொல்வது? என் பரிசோதனை மிகச் சரியாக வேலை செய்தது, ஆனால் நேர்மாறாக. ஊற்றியது ஊறிப் போகவில்லை. மேலிருந்து கீழ்வரை கரைக்குள்ளே திறந்த வழி இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பும்போது மனைவி வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். பக்திப் பரவசம் என்று நினைத்தேன். ஜாசின் தாண்டியதும் கேட்டாள்.

“ஏங்க, மஞ்சத் தண்ணி அந்தப் புத்து வழியாத்தான வந்துச்சு?”

“ஆமா.”

“நாம ஊத்தறது வெள்ளிக்கிழமை மட்டுந்தான்.”

“ஆமா.”

“அப்ப மத்த நாள்ல அந்த ஊத்துல வர்றது யாரு ஊத்துற தண்ணி?”

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இத்தனை நாளில் நான் ஒருவரிடமும் கேட்காத கேள்வி அது. அவள் கழுத்தைத் திருப்பி வந்த பாதையைப் பார்த்தாள். “கொளம்தான ஊத்துது” என்றாள்.

மறுநாள் காலையிலேயே அண்ணன் முன்னால் போய் நின்றாள். நான் பின்னால் நின்றேன்.

“அண்ணே, அந்த மூட்டைய எடு.”

“போட்டி முடியட்டும்மா. ஞாயித்துக்கிழமைதான.”

“எம் புள்ள கீழ நிக்கறா.”

“எனக்கும் அவ மருமகதான. நானா அவளைக் கொல்லப் பாக்கறேன்?”

“நீ கொல்ல மாட்ட. நீ மறந்துருவ. சின்ன வயசுல என்னை பாசார்ல விட்டுட்டு சைக்கிள மட்டும் ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தவன்தான நீ.”

“அத இன்னும் எத்தன வருசத்துக்குச் சொல்லுவ?”

“நீ மூட்டைய எடுக்கற வரைக்கும்.”

மச்சான் தலையைச் சொறிந்தார். திங்கட்கிழமை விடிந்ததும் எடுத்துவிடுவதாக அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். இந்த முறை மீன் வறுக்கவில்லை. மகளிடம் திங்கட்கிழமை ஒருநாள் விடுப்பு எடு என்று கெஞ்சினேன். “அப்பா, இதுக்கு முன்னால காத்துக்கு, அதுக்கு முன்னால பொகைக்கு. அடுத்தது என்னாப்பா, நிலாவுக்கா?” என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தது. பெரிய பாத்தின் மீன் பிடித்தவருக்குக் கோப்பை கொடுத்தார்கள். கோப்பையைத் தூக்கிப் படம் எடுக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மாலை மழை வழக்கமாகக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அன்றைக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்தில் தே குடித்துக்கொண்டிருந்தபோது மகள் அழைத்தாள்.

“அப்பா, டென்ஷன் ஆகாதீங்க.”

என்னைப் பயமுறுத்த இந்த உலகத்தில் இதைவிட மோசமான வார்த்தை கிடையாது.

“பின்னாடி லோங்காங் சாக்கடையில தண்ணி ஓடுது. மழைதான் நின்னுருச்சே, எங்கேருந்து வருதுன்னு தெரியல. தே தாரிக் மாதிரி பழுப்பா இருக்கு. மாமா தண்ணி தெறந்து விட்டாரா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில்கள் இருந்தன. எப்போதோ தயார் செய்தவை. எந்த வாசல், எந்தப் பாதை, யார் முன்னால் போவது, யார் பின்னால் வருவது, எதையும் எடுக்கக் கூடாது, செருப்புகூடப் போடக் கூடாது. அவ்வளவும் நெஞ்சில் இருந்தது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் ஏதோ பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் தாளம் தப்பிப் பாடியது.

“மேல ஏறு” என்றேன்.

“ம்” என்றாள். தொடர்பு அறுந்தது.

மலாக்காவிலிருந்து நியாலாஸ் போகிற பாதையில் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி ஒன்று எப்போதும் நமக்கு முன்னால் போகும். அன்றைக்கும் போனது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். மகள் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வழிநெடுக நான் படித்த கோப்புகள் எல்லாம் எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

மேட்டுப் பாதையில் திரும்பியதும் அவர்களைப் பார்த்தேன். செம்பனை நிழலில் தார்ப்பாய் விரித்து, பிள்ளைகள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்து, எல்லாரையும் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ரயில் ஓட்டுவதாகச் சொல்லி மேலே ஏற்றியிருக்கிறாள். தடிகாவில் சமைக்கிற அக்கா ரயிலின் கடைசிப் பெட்டியாக வந்திருக்கிறார். எல்லார் காலும் வெறுங்கால்.

“எப்படிம்மா உடனே கெளம்பிட்ட?” என்றேன்.

“நீங்க பேசவே இல்லப்பா” என்றாள். “எதுக்கெடுத்தாலும் அரைமணி நேரம் பேசுவீங்க. இன்னிக்கு ரெண்டே வார்த்தை. அப்பவே கயித்த அவுத்துட்டேன்.”

அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன். மச்சான் சிமெண்டு வாய்க்காலில் மார்பளவு தண்ணீரில் நின்று, பாராங் கத்தியால் மணல் மூட்டைகளைக் கிழித்துக் கிழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மழைக்கு ஒதுங்கி அங்கேயே தங்கிவிட்ட தூண்டில்காரர்கள் இரண்டு பேர் கூட நின்றார்கள். நானும் காலணியோடு இறங்கினேன். மூட்டைகள் நகர நகர வாய்க்கால் இரைந்தது. குளம் இறங்க ஆரம்பித்தது, ஆனால் என் கண்ணுக்கு அது இறங்குகிற மாதிரியே தெரியவில்லை.

அப்போது வெளிச்சரிவில் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. ஈரச் சேலையை அலசிக் கல்லில் போடுகிற மாதிரி. புற்றும் தகரக் கூரையும் மஞ்சள் சேலையும் ஒன்றாகச் சரிந்து கீழே போயின. அவை இருந்த இடத்தில், சோற்றுப்பானை நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீறிட்டது. தடிகாவின் முற்றத்துக்குள் நுழைந்து, யானைப் படத்தின் கால்களை நனைத்து, வாசலில் இருந்த செருப்பு அடுக்கைச் சாய்த்தது. சின்னச் சின்னச் செருப்புகள், சிவப்பும் நீலமுமாக, லோங்காங்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதை நான் கரைமேலிருந்து பார்த்தேன். அதை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குளம் இறங்க இறங்கத் துளையின் வேகம் குறைந்தது. மதியவாக்கில் குளத்தின் மட்டம் துளையின் உள்வாய்க்குக் கீழே போய்விட்டது போல. தண்ணீர் நூலாகி நின்றது. கரை நின்றுவிட்டது. மச்சான் சேற்றில் உட்கார்ந்து, பாராங் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, “மாப்ள” என்றார். வறுக்க மீன் நிறைய இருந்தது, சேற்றில் துடித்துக்கொண்டு. யாரும் தொடவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். தலையை வெளியே எடுத்து நெடுநேரம் நெற்றியைத் துடைத்தார். கரையை வெட்டித் திரும்ப முறையாகக் கட்டும்வரை குளத்தில் தண்ணீர் நிறுத்தக் கூடாது, வாய்க்காலை அடைக்கவே கூடாது, கரைமேல் மரமோ புற்றோ வளர விடக் கூடாது, கட்டிய பிறகும் யாராவது அடிக்கடி நடந்து பார்க்க வேண்டும் என்றார். தடிகாவை மேட்டில் இருக்கிற பழைய மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆத்தாவை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது என் மனைவிதான் வழி சொன்னாள். சரிந்த புற்றிலிருந்து பிடிமண் எடுத்து, மேட்டில் ஒரு மரத்தடியில் வைத்துக் கும்பிட்டார்கள். இப்போது பால் அங்கே ஊற்றப்படுகிறது. “ஆத்தா தண்ணியில நின்னது போதும், கொஞ்ச நாள் காத்தாட நிக்கட்டும்” என்று குழுவில் எழுதினாள். யாரும் மறுக்கவில்லை.

மச்சான் தினமும் காலையில் காலிக் குளத்தின் கரைமேல் நடந்து படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். நான் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துக் கேள்வி கேட்கிறேன்.

“மூணாவது படத்துல கருப்பா ஓட்டை மாதிரி தெரியுதே மச்சான்?”

“அது ஆமை மாப்ள.”

“ஆமை ஓட்டை போடுமா?”

“உங்களோட பேசறதுக்கு அதுவே தேவல.”

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இன்னும் முடியவில்லை. மதியம் பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பெற்றோர்கள் வந்தார்கள். சிலருக்கு விஷயம் தெரிந்திருந்தது. பிள்ளையைத் தூக்கி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சிலருக்குத் தெரியவில்லை, செருப்பு எங்கே என்று கேட்டார்கள். மகள் தார்ப்பாயில் உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கையசைத்தாள். நான் சேற்றோடு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போகலாம் வா என்றேன். கடைசிப் பிள்ளை போகட்டும் என்றாள்.

கடைசிப் பிள்ளையின் தாய் செங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் மோட்டார்சைக்கிளில் வந்து நின்றாள்.

“என்னா டீச்சர், இன்னிக்கு எல்லாரும் வெளிய?”

“சும்மாக்கா. பிள்ளைங்க காத்து வாங்கட்டும்னு.”

“நல்லதுதான். உள்ள ஒரே புழுக்கமா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே பிள்ளைக்குத் தலைக்கவசம் மாட்டினாள். கொக்கியை இழுத்துப் பார்த்தாள். பிள்ளை தாளம் தப்பிய அதே பாட்டைப் பாடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே அந்த மோட்டார்சைக்கிள் சின்னதாகி, வளைவில் திரும்பிப் போனது.

மகள் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணிக்கயிற்றை எடுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்பா” என்றாள், “இப்ப நான் பயப்படலாமா?”

“இப்ப பயப்படலாம்மா” என்றேன்.